டாய் பாம் வாங்குவதற்கு முன்: குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் பொமரேனியன் என்று சொன்னால் நாற்பது வயதைக் கடந்தவர்களின் நினைவுக்கு வருவது, வாசல் கேட்டருகே நின்று தபால்காரரைக் கண்டதும் குரைத்துத் தீர்க்கும் வெள்ளை நாய்தான். பெரும்பாலும் அது இந்தியன் ஸ்பிட்ஸ். நம் வெயிலுக்குப் பழகிய, உருவத்திலும் சற்றுப் பெரிய வேறோர் இனம். உண்மையான பொமரேனியன் வளர்ந்த பிறகும் ஏறத்தாழ 3 கிலோவைச் சுற்றியே நிற்கும். இந்தப் பெயர்க் குழப்பம் போதாதென்று, விற்பவர்கள் பொமரேனியனைப் பாம் என்று சுருக்கி, டாய் பாம், கல்ச்சர் பாம், டீக்கப் பாம் என்று மூன்று பெயர்களைச் சொல்லி மூன்று விலை கூறுகிறார்கள். இவை வியாபாரத்தில் வழங்கும் பெயர்களே; நாய் இனங்களைப் பதிவுசெய்யும் எந்த கென்னல் கிளப்பும் இவற்றைத் தனித்தனி இனமாகப் பதிவுசெய்வதில்லை. அவற்றில் டீக்கப் என்ற பெயரைக் கேட்டால் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்தப் பெயரில் வருவது பல வேளைகளில் ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்த குட்டியாகவோ, சிறியதாகத் தெரிய வேண்டுமென்று வயதுக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டியாகவோ இருக்கும்.

சிறிய இன நாய்களை வாங்குவதில் உள்ள பெரிய சிக்கல், அவற்றுக்கு வரக்கூடிய முக்கியமான நோய்களில் பலவும் எட்டு வாரக் குட்டியிடம் வெளியே தெரியாது என்பதாகும். பின்னங்கால் முழங்கால் சில்லு இடம்விட்டு நழுவும் கோளாறு இவ்வினங்களில் மிகப் பரவலானது. அது குட்டி வளர்ந்து ஓடித் தாவத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலும் தெளிவாகும். மூச்சுக்குழாய் தளர்ந்து, வாத்து கத்துவதுபோன்ற வறட்டு இருமல் வருவது பெரும்பாலும் நடுவயதில். பொமரேனியனுக்கே உரிய ரோமம் கொட்டும் நோயோ, ஒன்றிரண்டு வயதானபின் தொடைப் பின்புறத்தில் தொடங்கி, உடல் மொட்டையாகித் தோல் கறுத்துப்போகும்வரை செல்லும். இவற்றில் பலவற்றுக்குப் பரம்பரைத் தொடர்பு உண்டு என்பதால், உங்கள் கையில் இருக்கும் பஞ்சுருண்டை மூன்று ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு இன்று கிடைக்கும் ஒரே சாட்சி அதன் தாயும், முடிந்தால் தகப்பனுமே. எனவே தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள். தாய் ஊருக்குப் போயிருக்கிறது, மருத்துவரிடம் இருக்கிறது, புது ஆளைக் கண்டால் கடித்துவிடும் என்று சொல்லப்படும் காரணம் எதுவாயினும் முடிவு ஒன்றாகவே இருக்கட்டும்.

நாய்களை இனப்பெருக்கம் செய்து குட்டிகளை விற்கும் நல்ல பிரீடரைக் கண்டுபிடிக்கத் தொலைபேசியிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். பொமரேனியன் ஓர் ஈற்றில் பொதுவாக ஒன்று முதல் மூன்று குட்டிகளே போடும். சிசேரியன் தேவைப்படுவதும் அரிதன்று. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்: ஒருவரிடம் எப்போது கேட்டாலும் டாய் பாம் குட்டி தயாராக இருக்கிறது, கூடவே ஷிட்சு, பக், சிவாவா என்று மற்றச் சிறிய இனங்கள் எல்லாம் இருக்கின்றன என்றால், அவர் வெளியிலிருந்து குட்டிகளை வரவழைத்து விற்கும் இடைத்தரகராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொறுப்பாக வளர்ப்பவர் ஒன்றிரண்டு இனங்களோடு நிறுத்திக்கொள்வார். அடுத்த ஈற்றுக்குச் சில மாதங்கள் காத்திருக்கச் சொல்வார். தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்றுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி, முந்தைய குட்டிகள் இப்போது எந்த வீடுகளில் இருக்கின்றன என்று கேளுங்கள். இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்பவர், உங்களையும் நான்கு கேள்வி கேட்பார்: வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், சிறு பிள்ளைகள் உண்டா, மொட்டைமாடியில் கட்டிப்போடும் எண்ணமா? இந்தக் கேள்விகளைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்பவரிடம்தான் நம்பிக்கை பிறக்கிறது.

குட்டி இருக்கும் இடத்துக்கு நேரில் போவதைத் தவிர்க்கவே கூடாது. பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை என் அக்கா வீட்டில் கண்கூடாகப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் வந்த அந்தக் குட்டி மூன்று நாள் நன்றாக விளையாடியது. நான்காம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தப்பேதி, ஏழாம் நாள் இறந்துபோனது. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் என்றார் மருத்துவர். விற்றவரோ, நீங்கள் தயிர்சாதம் கொடுத்திருப்பீர்கள் என்றார். பார்வோ கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்பட வழக்கமாக 3 முதல் 7 நாட்கள் ஆகும். தரையிலும் பாத்திரங்களிலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வந்த நான்காம் நாளே படுத்துவிட்ட குட்டி, பெரும்பாலும் நோயைச் சுமந்துகொண்டே வந்திருக்கும்.

நேரில் போகும்போது முதலில் மூக்கை நம்புங்கள். நாய் இருக்கும் வீட்டில் நாய் வாசனை இருப்பது இயல்பு. ஆனால் பினாயில் நெடி கண்ணைக் கரிக்கும் அளவுக்கு அடித்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் எதையோ கழுவியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். குட்டிகள் வீட்டு மனிதர்களோடு, மிக்சி சத்தமும் அழைப்புமணியும் கேட்கும் இடத்தில் வளர்கின்றனவா, பின்கட்டுக் கூண்டில் அடைந்து கிடக்கின்றனவா என்பதைக் கவனியுங்கள். ஏறத்தாழ 3 முதல் 14 வாரம் வரையிலான காலத்தில் எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதுவே பின்னாளில் நாயின் குணத்துக்கு அடித்தளமாகிறது. மே மாத நண்பகலில் தாய் எங்கே படுத்திருக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டடுக்கு ரோமத்தோடு பிறந்த நாய்க்குத் தகரக் கூரை ஆகாது.

அடுத்து, தாயை நடக்கவிடச் சொல்லுங்கள். நன்றாக நடந்துகொண்டே வரும் நாய், திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி, பாண்டி ஆடும் சிறுமியைப்போல் இரண்டு மூன்று தப்படி தத்திவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் காலை மறுபடி ஊன்றினால், அது முழங்கால் சில்லு நழுவி மீள்வதன் அடையாளமாக இருக்கக்கூடும். இதைத் தாயின் பழக்கம் என்றோ செல்லத்துக்குச் செய்கிறது என்றோ சொல்வார்கள், ஏற்க வேண்டாம். கால்நடை மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே இக்கோளாற்றை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்துச் சொல்ல முடியும் என்பதால், பெற்றோரின் முழங்காலையும் இதயத்தையும் சோதித்த சான்று இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. குட்டி போட்ட தாய் சற்று மெலிந்து, ரோமம் உதிர்ந்து இருப்பது இயல்புதான். ஆனால் விலா எலும்புகள் துருத்திக்கொண்டு, ஆளைக் கண்டதும் மூலையில் ஒடுங்கி நடுங்கும் தாயைப் பார்த்தபின் அதன் குட்டியை விலைபேச எனக்கு மனம் வந்ததில்லை. இரக்கப்பட்டு வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்தப் பணம் அதே தாயின் அடுத்த ஈற்றுக்கு முதலாகிவிடும்.

இதற்குப் பிறகே குட்டியைக் கையில் எடுக்க வேண்டும். உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறே வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். முன்பற்கள் இன்னும் ஈறைக் கிழித்துக்கொண்டு வரும் நிலையில் இருந்தால், எட்டு வாரம் முடிந்துவிட்டது என்ற பேச்சைச் சந்தேகிக்கலாம். உச்சந்தலையை விரல் நுனியால் தடவினால் சில குட்டிகளுக்கு, குறிப்பாகச் சிவாவாவுக்கு, கைக்குழந்தைக்கு இருப்பதுபோன்ற உச்சிக்குழி தட்டுப்படும்; சிறியதாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. குழி அகலமாக இருந்து, தலை குடம்போல் உப்பி, இரு விழிகளும் வெளிப்புறமாகக் கீழ்நோக்கி விலகியிருந்தால் மூளையில் நீர் கோத்திருக்கக்கூடும். வயிறு மட்டும் மத்தளம்போல் உப்பியிருப்பது கொழுப்பன்று, பெரும்பாலும் குடற்புழு. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களில் மூக்குத் துளைகள் கோடுபோல் இறுகியிருக்கின்றனவா, தூங்கும்போதே மூச்சு இரைகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

பிறகு அதைத் தரையில் விட்டு, கால்மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். மற்றவை காலணியைக் கடிக்க ஓடிவரும்போது ஒரு குட்டி மட்டும் ஓரமாகச் சுருண்டிருந்தால், எவ்வளவு சமர்த்து என்று வீட்டுப் பெண்டு பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். அது உண்டு முடித்த தூக்கமாகவும் இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிய சோர்வாகவும் இருக்கலாம். இன்னொரு நாள், இன்னொரு வேளையில் வந்து பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேப்பரோடு வேண்டுமா, பேப்பர் இல்லாமல் வேண்டுமா என்று ஒரே குட்டிக்கு இரண்டு விலை சொல்வது நம் ஊர் வழக்கம். பேப்பர் என்பது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றிதழ். அது குட்டியின் வம்சத்தைச் சொல்லும். உடல்நலத்துக்கு உத்தரவாதம் தராது. குட்டிக்குத் தோலுக்கடியில் பதிக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால், அதன் 15 இலக்க எண்ணை மருத்துவரிடம் உள்ள கருவியால் படித்துச் சான்றிதழோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும், தேதியும், மருத்துவரின் கையொப்பமும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். பேனாவால் எழுதிய தேதி மட்டும் இருந்தால் ஊசி போடவில்லை என்றே கருதுங்கள். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கவும் கூடாது. டாய் எனப்படும் மிகச் சிறிய இனங்களைப் பொறுத்தவரை பத்து, பன்னிரண்டு வாரம் வரை தாயோடு விட்டுவைக்கிறேன் என்பவரே மேலானவர்.

முன்பணம் கொடுக்கும்போதே, இரண்டு நாளுக்குள் என் மருத்துவரிடம் காட்டுவேன், பிறவிக் கோளாறோ தொற்றோ இருந்தால் குட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத்தில் இரைச்சல் இருப்பதாகச் சொன்னால் உடனே பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். குட்டிகளுக்குச் சில மாதங்களில் தானாக மறையும் இரைச்சலும் உண்டு. பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ள வேண்டிய ரத்தக்குழாய் மூடாததால் வரும் இரைச்சலும் உண்டு. பின்னது பொமரேனியனில் மற்ற பல இனங்களைவிட அதிகம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தால் வேறுபாடு தெரியும்.

குட்டியை அழைத்துவரும் நாளில், அது அங்கே தின்றுகொண்டிருந்த அதே உணவில் ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். இரவு கடைசி வேளையைத் தூங்கப் போகுமுன் வையுங்கள். மூச்சுக்குழாய் அழுந்தாமலிருக்க, கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். தேன் புட்டி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்: அதிகாலையில் குட்டி தள்ளாடினாலோ, உடல் குளிர்ந்து நடுங்கினாலோ ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்பதால், ஒரு சொட்டுத் தேனை விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, துணியில் சுற்றியெடுத்துக்கொண்டு மருத்துவரிடம் புறப்படுங்கள். நினைவில்லாமல் கிடக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; புரையேறிவிடும்.