கொம்பு இல்லையென்றால் பெண் யானையா? காட்டுக்குப் போகும் நம்மவர்கள் விடும் பிழைகள்

இந்திய டீவியில் காடு பார்த்துப் பழகிய கண்ணோடு, கிழக்கிலங்கைக் காடுகளைப் பார்க்க இங்கினியாகலைக்கோ குமணவுக்கோ போனால் பாதி பிழையாகத்தான் விளங்கும். முதல் பிழை யானையில் தொடங்குகிறது. கொம்பு இல்லை, அப்ப பெண் யானைதான், சாதுவாக இருக்கும் என்று கிட்டப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இலங்கையில் ஆண் யானை நூறு இருந்தால் பத்துக்குக்கூடக் கொம்பு இருக்காது, மற்றதெல்லாம் நம்ம ஆட்கள் அலியன் என்று சொல்வதுதான், தனியனாக நிற்கிற அலியனிடம் செல்ஃபி விளையாட்டு வேண்டாம்.

இங்கினியாகலைப் பக்கம், 1954இல் தேசியப் பூங்காவான கல்லோயாவில் ஜீப்பை விடப் படகுப் பயணம்தான் பேர்போனது. அங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நீந்தும். தும்பிக்கை நுனியும் நெற்றி மேடும் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும். படம் நல்லா வர வேண்டுமென்று படகை அதற்குக் குறுக்கே விடச் சொல்லாதீர்கள். நீந்துகிற யானையால் சட்டென்று திரும்ப முடியாது, கூட வரும் குட்டிக்கு அதைவிடக் கஷ்டம்.

அப்புறம் இலங்கைக் காட்டுக்கோழி. இது உலகத்தில் இலங்கையில் மட்டுமே உள்ள பறவை, நம் தேசியப் பறவையும் இதுதான், ஆனாலும் ஆட்கள் பகிர்கிற படம் பலசமயம் இந்தியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. கொண்டையைப் பாருங்கள்: நம்ம சேவலுக்குச் சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் இருக்கும். மயிலுக்காக ஜீப்பை நிறுத்துகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்! மயில் இந்தியாவிலும் இருக்கிறதே.

குமண வில்லில், அதாவது அங்குள்ள சதுப்புக் குளத்தில், பறவைகள் கூடு கட்டுவதைப் பார்க்க மே, யூனில் போங்கள். டிசம்பர் லீவில், மாரி மழைக்குள் போய் நின்று "ஒன்றுமே இல்லை" என்று குறை சொல்லக் கூடாது. உகந்தை முருகன் கோயிலிலிருந்து இந்தக் காடு வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் சோற்றுப் பார்சலின் பொலித்தீனைக் காட்டில் விட்டுவிட்டுப் போவதும் பெரிய பிழை. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்தது அம்பாறைக்காரர் எல்லாருக்கும் தெரியும்.

காடு வரைக்கும் போகத் தேவையில்லை, மட்டக்களப்பு வாவிக் கரையிலேயே ஒரு பிழை காத்திருக்கிறது. உப்புத் தண்ணீர்க் கரையில் வளரும் கண்டல் மரமெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் கொப்பை முறிப்பது. சின்ன வயதில் நண்டுப் பொந்தைக் குத்த நான் முறித்தது தில்லை. முறித்த இடத்தில் வெள்ளைப் பால் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்து விரலில் ஒட்டியது, தோணியில் இருந்தவர் "மனே, அந்தக் கையால கண்ணைக் கசக்காத!" என்று கத்தினார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததும் இதே மரத்தால்தான். பால் பட்டால் தோல் எரியும், கண்ணில் பட்டால் பார்வையே கொஞ்ச நாளைக்குப் போகலாம். விறகாகவும் எரிக்காதீர்கள், அந்தப் புகையும் கண்ணுக்கு ஆகாது. பட்டுவிட்டால் வாவித் தண்ணீரால் இல்லை, நல்ல தண்ணீரால் நிறையக் கழுவி, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.