வாசகர் வட்டத்துக்கு யாரை அழைப்பது, எப்படி அழைப்பது

புதிதாகப் பொறுப்பேற்ற நூலகர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "மேடம், வாசகர் வட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை." நூலகத்துக்கு யோசனை சொல்லவும் கைகொடுக்கவும் ஊர்க்காரர்கள் சிலரைக் கொண்டு அமைக்கும் குழுதான் வாசகர் வட்டம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு கிளை நூலகத்தில் பல ஆண்டுகள் நூலகராக இருந்தவள் நான். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஆள் சேர்க்கக் கிளம்பும் முன் ஒரு கணக்கை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது, ரூபாய்க்கு 10 பைசா. 1,200 ரூபாய் வீட்டு வரி கட்டுகிறவர் நூலகத்துக்கென்று 120 ரூபாய் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவரும் வாடகை வழியாகக் கட்டத்தான் செய்கிறார். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. அதே சட்டத்தில், அரசுக்கு ஆலோசனை சொல்ல மாநில நூலகக் குழு உண்டு. நூலகங்களை நடத்த மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு உண்டு. எங்கள் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் பாடுபட்டார். ஆகவே, கிளை நூலகத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கருத்துக் கேட்பது நாம் காட்டும் தயவு என்று நினைக்காதீர்கள். பணம் கட்டுகிறவர்களைத்தான் கேட்கிறோம். வீட்டு வாசலில் நின்று பேச்சைத் தொடங்க எனக்கு எப்போதும் கைகொடுத்தது இந்த 120 ரூபாய்க் கணக்குதான்.

என்னுடைய முதல் வட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பெரியவர்கள் என்று யார் யார் பெயரைச் சொன்னார்களோ அவர்களையெல்லாம் போய்ப் பார்த்து 11 பேரைச் சேர்த்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரிசி ஆலை முதலாளி, மருந்துக்கடைக்காரர் என்று எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். எல்லோரும் ஆண்கள், அறுபதைத் தாண்டியவர்கள், காலையில் வந்து நாளிதழ் படித்துவிட்டுப் போகிறவர்கள். முதல் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினோம், ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினார்கள். நாளிதழ் மேசைக்கு மேலே இன்னொரு மின்விசிறி வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். இரண்டாவது கூட்டத்துக்கு நாலு பேர் வந்தார்கள். மூன்றாவது நடக்கவே இல்லை. அது என் தவறு. அழைக்கும்போதே அவர்களிடம் எந்த வேலையையும் நான் கேட்கவில்லை.

சரி, எப்படித் தேடுவது? பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். நூலகத்தின் வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு வெள்ளைத்தாளில் ஊரின் தெருக்களை வரிசையாக எழுதுங்கள். உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டி, ஒவ்வொரு அட்டைக்கும் அந்தந்தத் தெருவுக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். நான் போட்டபோது கடைத்தெருவுக்கும் கோயில் தெருவுக்கும் கோடுகள் கட்டுக் கட்டாக விழுந்தன. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனிக்கு இரண்டே கோடு. நடந்தால் பத்து நிமிடத் தூரம். அத்தனை நாள் கவுண்டரில் உட்கார்ந்திருந்தும் அந்தத் தாளைப் பார்க்கும்வரை எனக்கு இது தெரியவில்லை.

அந்த வாரமே அங்கே போனேன். அங்கன்வாடி வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளர் அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க பிள்ளைங்க உள்ள வந்து உக்காந்து படிக்கலாமாங்க?" என்றார். அரசு நூலகத்தைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவரையே வட்டத்துக்கு அழைத்தேன். "எனக்கு என்னங்க தெரியும்" என்றார். இந்தப் பதிலை நீங்களும் நிறைய கேட்பீர்கள். "உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்கம்மா, பிள்ளைங்க ஏன் வர மாட்டேங்கறாங்கன்னு எங்கள்ல யாருக்கும் தெரியாது" என்றேன். வந்தார். மூன்று ஆண்டுகள் வட்டத்தில் இருந்தார்.

தெருக்கணக்கு முடிந்ததும் வருகைப் பதிவேட்டை எடுங்கள். யார் வருகிறார்கள் என்பதோடு யார் வருவதை நிறுத்தினார்கள் என்றும் பாருங்கள். ஆறு மாதம் தவறாமல் கையெழுத்துப் போட்ட பெயர் திடீரென்று காணாமல் போயிருக்கும். அவரிடம் போய்க் காரணம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில், தினமும் வருகிறவர் சொல்லும் பத்து யோசனைகளுக்குச் சமம்.

ஒரு தையல்கார அக்காவை அப்படித்தான் பிடித்தேன். அவர் மகள் குரூப் 4 தேர்வுக்கு எங்கள் நூலகத்தில் படித்துக்கொண்டிருந்து நின்றுபோனவள். மகள் கூச்சப்பட்டாள், அம்மா வட்டத்துக்கு வந்தார். முதல் கூட்டத்திலேயே கேட்டார்: "பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் பன்னண்டு மணிக்கே கெளம்பிடுதே, ஏன்னு யாராவது கேட்டீங்களா?" பின்பக்கக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. இதுதான் காரணம். நான் பக்கத்து வீட்டில் போய்வந்துகொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பழைய வட்டத்தில் இருந்த தலைமையாசிரியர் அன்று மாலையே ஒரு தச்சரைக் கூட்டி வந்தார். ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளி, ஒரு குவளை, மாட்டிவைக்க ஒரு ஆணி. அந்த மாதக் கடைசியில் பெண்கள் மாலைவரை உட்கார்ந்து படித்தார்கள். அதற்கு முன்பு 11 பெரியவர்களை வைத்துக்கொண்டு மின்விசிறிக்குத் தீர்மானம் போட்டிருந்தோம்.

இதனால் பெரியவர்கள் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்வாரியத்தில் யாரைப் பார்ப்பது, ஊராட்சியில் எந்தக் கடிதம் எடுபடும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மூன்று பேர் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் நூலகத்துக்கு நன்கொடை கொடுத்துப் புரவலராகச் சேர்ந்தவருக்கு வட்டத்தில் இடம் தானாகக் கிடைத்துவிடாது என்று தொடக்கத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் மனத்தாங்கல் வரும். கட்சிக்காரர்களையும் ஒதுக்க வேண்டாம். ஒரே கட்சியிலிருந்து இரண்டு பேர் வேண்டாம், அவ்வளவுதான்.

மொத்தம் 9 அல்லது 10 பேர் போதும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர், பிள்ளைகளைக் கூட்டி வரும் ஒரு தாய், பள்ளி ஆசிரியர் ஒருவர், படியேற முடியாத அல்லது கண் பார்வை குறைந்த ஒருவர், நூலகத்துக்கு வராத தெருவிலிருந்து இரண்டு பேர். பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கட்டும்.

அழைப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கைகூப்பும் படம் வரும், ஆள் வர மாட்டார். நேரில் கேளுங்கள். அவர் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கவுண்டரில் கேட்பது இன்னும் நல்லது, கையில் புத்தகம் இருக்கும்போது மறுப்பது கடினம். "உறுப்பினராக இருங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், "சிறுவர் அலமாரியை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வேலையோடு கேளுங்கள். அப்புறம் ஒரு கடிதம் கொடுங்கள். நான் எழுதியது இவ்வளவுதான்:

"அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். நம் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்து யோசனை சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு ஒரு மணி நேரம் பேசுவோம். பணம் எதுவும் தர வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டி வரலாம்."

கீழே கையெழுத்தும் நூலக முத்திரையும். முத்திரை முக்கியம். துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் அந்தக் கடிதத்தை முதலாளியிடம் காட்டித்தான் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கினாள். மாமியாரிடம் காட்டிவிட்டு வந்தவரும் உண்டு.

வட்டத்தால் எது முடியும், எது முடியாது என்பதைச் சேரும்போதே சொல்லுங்கள். அலமாரியை இடம் மாற்றுவது, கேட்கும் புத்தகங்களை எழுதிவைக்க ஒரு நோட்டு, பெஞ்சு பழுது பார்ப்பது, சனிக்கிழமை கதை நேரம் இவையெல்லாம் நம் கையில். கட்டடம், ஆள் நியமனம், புத்தகக் கொள்முதல் மேலே போக வேண்டியவை. நாம் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதலாம், பதில் வர நாளாகும். இதை மறைத்துச் சேர்த்தவர்கள் நாலாவது மாதம் கோபத்தோடு போய்விடுவார்கள். அவர்கள் போனது நியாயம்தான்.

முதல் கூட்டத்துக்கு மேடையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். முதலில் அதிகம் பேசாதவரைப் பேசவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நகலை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த கூட்டம் "போன மாதம் சொன்னது என்ன ஆயிற்று" என்பதில்தான் தொடங்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் வரவில்லை என்றே படித்துக் காட்டுங்கள். எழுதிய கடிதத்தின் தேதியையும் சொல்லுங்கள்.

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். போகட்டும், அதற்குத்தானே வந்தார்கள். போகும்போது தன் இடத்துக்கு ஒருவரைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். தையல்கார அக்காவின் மகள் கிராம நிர்வாக அலுவலராகத் தேர்வானதும் இனிப்போடு வந்தாள். கூடவே காலனியிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கையில் உறுப்பினர் விண்ணப்பப் படிவம். "மேடம், இவ கணக்கு நல்லா போடுவா, ஞாயித்துக்கெழம வர்றேங்குறா" என்றாள்.