குண்டு எறிதலில் கிளைடு: மணலில் பழகிய கால்களுக்கு

கீழக்கரைப் பக்கம் பிள்ளைகள் குண்டு எறியப் பழகுவது கடற்கரை மணலில்தான். நானும் அப்படித்தான். நின்ற இடத்திலிருந்து எறிந்தால் பதினோரு மீட்டர் போகும். கிளைடு போட்டு, அதாவது முதுகைக் காட்டி நின்று வட்டத்தின் குறுக்கே ஒரு காலால் பின்னோக்கிச் சறுக்கி வந்து எறிந்தால் பத்தரைதான். வேகம் கூடியும் தூரம் ஏன் குறைகிறது என்று இரண்டு வருடம் பிடிபடவில்லை.

காரணம் மணல். அதில் பாதம் புதையும். புதைந்த காலை இழுக்க முடியாது, தூக்கத்தான் முடியும். அப்படித் தூக்கித் தூக்கிக் கால் குதிக்கப் பழகிவிடுகிறது. நின்று எறிய மணல் நல்ல இடம், கிளைடுக்கு வேண்டாம்.

காலையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கருவாடு காயப்போடும் சிமெண்ட் தளத்தைக் கேட்டு வாங்குங்கள். செதிளும் உப்பும் போகக் கூட்டிவிடுங்கள், வழுக்கும். ஆணியில் வலைக்கயிறு கட்டி 106.75 செ.மீ. நீளத்தில் சாக்பீஸால் சுற்றினால் 2.135 மீட்டர் விட்டத்தில் வட்டம் வந்துவிடும்.

பிடிப்பு, கழுத்தில் வைப்பதெல்லாம் பி.டி. மாஸ்டர் காட்டியிருப்பார். இனி வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்.

எறியும் திசைக்கு முதுகைக் காட்டி, வட்டத்தின் பின்விளிம்பில் வலது காலில் நில்லுங்கள். குனிந்து, இடது முழங்காலை வலது முழங்கால் பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது இடுப்பை மட்டும் பின்னால் விழவிடுங்கள், தாழ்வான திண்ணையில் உட்காரப் போவது போல. விழ ஆரம்பித்த பிறகுதான் இடது காலை ஸ்டாப் போர்டை, அதாவது வட்டத்தின் முன்விளிம்பில் இருக்கும் தடுப்புப் பலகையை நோக்கித் தாழ்வாக உதைக்க வேண்டும். முந்தி உதைத்தால் உடம்பு மேலே எழும்பிவிடும்.

நான் மாட்டிக்கொண்ட இடம் அடுத்தது. வலது காலை முன்பாதத்தால் எம்பித் தள்ளக் கூடாது. எடை குதிகாலுக்கு உருண்டு வர வேண்டும். தரையை விட்டுக் கடைசியாகக் கிளம்புவது குதிகால்தான். கிளம்பியதும் காலைச் சட்டென உடம்புக்கு அடியில், வட்டத்தின் நடுப்பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். சரியாக வருகிறதா என்று பார்க்க, வலது ஷூவின் அடியில் முழுவதும் சாக்பீஸைத் தேயுங்கள். கிளம்பிய இடத்தில் குதிகால் இழுபட்ட கோடு தெரிந்தால் சரி. முன்பாத அச்சு மட்டும் அப்பியிருந்தால் குதித்திருக்கிறீர்கள். குண்டில்லாமல் நாளைக்கு முப்பது தடவை இதை மட்டும் செய்தேன். மூன்றாவது வாரம்தான் கோடு விழுந்தது.

வலது கால் இறங்கிய கையோடு இடது காலும் போர்டருகே இறங்க வேண்டும். தோளும் பார்வையும் அதுவரை பின்பக்கமே இருக்கட்டும். அப்புறம் வலது இடுப்பு திரும்பும், நெஞ்சு திரும்பும், கை கடைசி. போர்டின் உள்பக்கத்தில் கால் முட்டலாம். மேல்பக்கத்தில் பட்டால் ஃபவுல்.

ஷூ விஷயத்தில், அடியில் ஆணி வைத்த ஓட்டப்பந்தய ஷூ வேண்டவே வேண்டாம். அடி தேய்ந்த பழைய கேன்வாஸ் போதும். இரும்புக் குண்டு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள், எறியும் முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

இப்போது எல்லோரும் சுழன்றுதானே எறிகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: முதுகைக் காட்டித் தொடங்கும் இந்த முறையைக் கொண்டுவந்த பாரி ஓபிரையன் 1952, 1956 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். உல்ஃப் டிம்மர்மன் 1988-இல் 23.06 மீட்டர் எறிந்ததும் கிளைடில்தான். முதலில் இதைப் பழகுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுப் பழகிய இரண்டு பேர் வலது முழங்கால் வலிக்கிறது என்றார்கள். வீடியோ அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். இருவருக்கும் பாதம் நேர் பின்னால் பார்த்தபடியே இறங்குகிறது. இடுப்பு திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்கிறது. காலை இழுக்கும்போதே பாதத்தை உள்பக்கம் திருப்பி, விரல்கள், முதுகைக் காட்டி நிற்கும்போது உங்களுக்கு இடப்பக்கமாக வரும் பக்கத்தைப் பார்க்க இறக்குங்கள். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டுவைத்து, வலி போகும்வரை குண்டைத் தொடாமல் பழகுங்கள்.