போனுக்குப் பதில் ஒரு டபரா

தாராவியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 20 வயது, முதல் குழந்தைக்கு 9 மாதம். போனைக் காட்டினால்தான் பிள்ளை சாப்பிட வாய் திறக்கும். "விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு இல்லக்கா" என்றாள். குழந்தை பார்க்க ஒரு டபராவைத் துண்டால் மூடினேன். முதலில் துண்டைச் சப்பியது. அப்புறம் இழுத்தது, டபரா தெரிந்ததும் ஒரே சிரிப்பு. மறைத்த பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்பது ஏறக்குறைய இந்த வயதில்தான் பிடிபடும்.

ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை அவள் மாமியாரிடம் சொன்னேன் (போன் அவருடையது).

ஊட்டும்போது அவளைக் குழந்தையோடு பேச வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அது "தத்தா" என்றால் நீயும் "தத்தா" சொல்லிவிட்டுக் காத்திரு என்றேன். இப்போது போன் இல்லாமலே இட்லி இறங்குகிறது. புளியங்கொட்டை, பட்டன் மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.