சம்பள ஒப்பந்தம் பேசும்போது யூனியன் பக்கம் வழக்கமா நடக்குற தப்புகள்

சென்னை பக்கத்துல ஃபேக்டரிங்க நெறைய இருக்குற ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் எந்த டீக்கடைல நின்னாலும் எந்த கம்பெனில எவ்ளோ ஏத்துனாங்கன்னுதான் பேச்சு, ஆனா எதுல ஏத்துனாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க, மொத தப்பே அதுதான். 12,000 ரூபா உயர்வுன்னு போர்டுல ஒட்டியிருப்பாங்க, பிரிச்சு பாத்தா மூணு வருஷத்துக்கும் சேத்து, அதுலயும் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டிஏல (அகவிலைப்படி) ஏறுனது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அட்டெண்டன்ஸ் போனஸ், இன்சென்டிவ்னு இருக்கும், ரெண்டு நாள் லீவ் போட்டா காலி. வேலைய விட்டு போகும்போது குடுக்குற கிராஜுவிட்டி கணக்கு தெரியும்ல, கடைசி மாச பேசிக்கும் டிஏவும் சேத்து 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும், அப்போ பேசிக்ல 1000 ஏறுனா 20 வருஷ சர்வீஸ்காரருக்கு கிட்டத்தட்ட 11,500 கூட வரும். இன்சென்டிவ்ல 1000 ஏறுனா அந்த மாசத்தோட சரி. அலவன்ஸ் பாதிக்கு மேல போனா மிச்சத்த சம்பளமாவே கணக்கு பண்ணணும்னு புது சட்டம் சொல்லுது, உண்மைதான், ஆனா அத நம்பி பேசிக்க விட்டுக்குடுக்காதீங்க.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஃபேக்டரி ஸ்டிரைக்லயே இத பாத்தோம். 2024 செப்டம்பர் 9 ஆரம்பிச்சுது, அக்டோபர்ல நிர்வாகம் தனியா ஒரு தொழிலாளர் கமிட்டிகூட கையெழுத்து போட்டு மாசம் 5000 இன்சென்டிவ்னு அறிவிச்சுது, அதுவும் 2025 மார்ச் வரைக்கும்தான். வெளிய உக்காந்திருந்தவங்க அத ஏத்துக்கல, 37 நாள் ஆச்சு முடிய, யூனியன் ரிஜிஸ்ட்ரேஷனே ஹைகோர்ட் வரைக்கும் போய் 2025 ஜனவரிலதான் வந்துச்சு, சம்பள ஒப்பந்தம் மே மாசம். இவ்ளோ நாள் எல்லா யூனியனும் தாங்காது, சங்க கணக்குல எவ்ளோ இருக்குன்னு பாக்காம பந்தல் போடுறவங்கள என்ன சொல்றது.

அடுத்தது ஸ்டிரைக் நோட்டீஸ். முன்னாடி 14 நாள் நோட்டீஸ் ரயில், கரண்ட், தண்ணி மாதிரி பொது பயன்பாட்டு சேவைக்கு மட்டும்தான், 2025 நவம்பர் 21லேருந்து தொழில் உறவு சட்டம் அமலுக்கு வந்ததால எல்லா ஃபேக்டரிக்கும் அதே கதைதான். சரி ஸ்டிரைக்னு சொல்லாம எல்லாரும் கேஷுவல் லீவ் போட்ருவோம்னு வாட்ஸ்அப்ல ஒருத்தர் ஐடியா குடுப்பாரு பாருங்க, ஒரே நாள்ல பாதிப் பேரு கூடிப் பேசி லீவ் போட்டா அதுவும் ஸ்டிரைக்குதான். லேபர் ஆபீஸ்ல சமரசப் பேச்சு ஓடும்போதும், அது முடிஞ்சு 7 நாளுக்கும் ஸ்டிரைக் பண்ண முடியாது. மீறுனா தொழிலாளிக்கு 1,000லேருந்து 10,000 வரைக்கும் ஃபைன், ஒரு மாசம் வரைக்கும் ஜெயிலும் போட இடம் இருக்கு. அதனால கோரிக்கை மனு, நோட்டீஸ் எது குடுத்தாலும் தேதியோட சீல் போட்ட காப்பி கைல வாங்காம நகராதீங்க, ஹெச்ஆர் வாங்க மாட்டேன்னா அன்னிக்கே ரிஜிஸ்ட்ரேஷனோட ஸ்பீட் போஸ்ட்.

கையெழுத்து போடுற எடத்துலயும் அவசரம் வேண்டாம். கம்பெனி ரூம்லயே நீங்களும் அவங்களும் போட்டுக்கிட்டது கையெழுத்து போட்ட ரெண்டு தரப்பத்தான் கட்டுப்படுத்தும், பழைய ஆளுங்க இத பழைய தொழில் தகராறு சட்டத்தோட பிரிவ வச்சு 18(1)ன்னு சொல்லுவாங்க. சமரச அதிகாரி முன்னாடி போட்டா, அதான் அதே பழைய சட்டத்துல 12(3), எல்லா தொழிலாளிக்கும், நாளைக்கு சேர்ற பையனுக்கும் செல்லும். அப்புறம் உயர்வு எந்த தேதிலேருந்து, அரியர்ஸ் எந்த மாச சம்பளத்தோட, ஸ்டிரைக் டைம்ல சஸ்பெண்ட் ஆனவங்க என்னிக்கு உள்ள வர்றாங்க, இது மூணும் பேப்பர்ல இல்லாம பேனாவ தொடாதீங்க. வாயால சொன்ன மேனேஜர் அடுத்த வருஷம் வேற பிளான்ட்ல இருப்பாரு.