வலது 14, இடது 20: கிளாக்கோமா தேடும்போது செய்யக்கூடாதவை

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரக் கண் முகாம்களுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நாங்களும் செய்தவைதான். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். ஆனால் ஒரு கண் முந்தும். அந்த முந்தலைப் பிடிக்க வேண்டும். கண் அழுத்தம் வலது 14, இடது 20 (மி.மீ. பாதரசம்) என்றால் "இரண்டும் 21-க்குள்தான், நார்மல்" என்று எழுதக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

பியூப்பில் (கண்மணி) பார்க்காமல் சொட்டு விடுவது

இன்னும் எரிச்சல் தருவது இதுதான். வரிசை சீக்கிரம் நகரட்டும் என்று, வந்து உட்கார்ந்ததுமே பியூப்பிலை விரிக்கும் ட்ரோபிகமைடு சொட்டை விட்டுவிடுகிறார்கள். அரை மணியில் இரண்டு பியூப்பிலும் விரிந்து நின்றுவிடும். ஒரு கண்ணின் நரம்பு மற்றதைவிடக் கெட்டிருப்பதை வெறும் டார்ச்சை வைத்தே கண்டுபிடிக்கலாம். அந்த வாய்ப்பு போய்விட்டது. மருந்தின் வேகம் இறங்க நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த பால்வெட்டுத் தொழிலாளியை "நாளைக்கு வாங்க" என்றால், விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் நிற்க வேண்டியவர் எப்படி வருவார்?

அறை விளக்கைக் குறையுங்கள். தூரத்தில் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். டார்ச்சையே பார்த்தால் கிட்டப் பார்ப்பதாலும் பியூப்பில் சுருங்கிக் குழப்பும். ஒரு கண்ணில் இரண்டு மூன்று வினாடி ஒளியை நிறுத்தி, மூக்கைத் தாண்டிச் சட்டென்று மறு கண்ணுக்கு மாற்றுங்கள். நாலைந்து முறை. ஒளி விழுந்தும் சுருங்காமல் விரிகிற கண்ணில்தான் நரம்பு அதிகம் கெட்டிருக்கிறது. ஒரு பக்கம் கூடுதல் நேரம் நிறுத்தினால் இல்லாத குறை தோன்றும். அடிபட்டோ அறுவையாலோ ஒரு பியூப்பில் அசையாவிட்டால், அசைகிற பியூப்பிலை மட்டும் இரண்டு பக்க ஒளிக்கும் கவனியுங்கள்.

இரண்டு நரம்பும் சமமாகக் கெட்டிருந்தால் இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாது. அதனால் 'குறை இல்லை' என்று வந்தாலும் நோய் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். கண்ணின் வடிகால் கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோப்பியும் சொட்டுக்கு முன்தான். கோணம் குறுகிய கண்ணில் சொட்டு விட்டு அழுத்தம் ஏறினால், அன்று மாலையே வலியும் வாந்தியுமாகத் திரும்பி வருவார்.

கப்பை மட்டும் ஒப்பிடுவது

டிஸ்க் என்பது கண்ணின் பின்புறம் நரம்பு தொடங்கும் வட்டம், கப் அதன் நடுப்பள்ளம். கப்-டிஸ்க் விகிதத்தில் இரண்டு கண்ணுக்கும் 0.2 வித்தியாசம் என்றால் சந்தேகம்தான். ஆனால் டிஸ்க் பெரிதானால் கப்பும் பெரிது. டிஸ்க்கின் உயரம் வலதில் 1.6 மி.மீ., இடதில் 2.0 என்றால், 0.3-உம் 0.5-உம் பிறவி அமைப்பாகவே இருக்கலாம். ஸ்லிட் லாம்ப் நுண்ணோக்கியின் ஒளிக்கீற்றை டிஸ்க்கின் உயரத்துக்குக் குறைத்து அளவெடுங்கள். 90 டி (டயாப்டர்) லென்ஸ் என்றால் அந்த அளவைச் சுமார் 1.3-ஆலும், 78 டி என்றால் 1.1-ஆலும் பெருக்க வேண்டும். டிஸ்க் சமமாக இருந்து கப் மட்டும் வேறுபட்டால் விடாதீர்கள். கப் சிறியது, ஆனால் டிஸ்க் வெளிறி, அதே கண்ணில் பியூப்பில் குறையும் இருக்கிறதா? கிளாக்கோமா கணக்கில் சேர்க்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஒரு கண்ணின் கதையைக் கேட்காதது

புரை அறுவை செய்த கண்ணில் அழுத்தம் சில புள்ளி இறங்குவது வழக்கம். வலது 12, இடது 16 என்றால் இடது ஏறியது என்று அர்த்தமில்லை. தலைகீழாகவும் நடக்கும்: அரிப்புக்கு மெடிக்கலில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டை ஒரு கண்ணில் மாதக்கணக்கில் விட்டவருக்கு அந்தக் கண்ணில் மட்டும் ஏறலாம். "மருந்து ஏதாவது விடுறீங்களா?" என்றால் "இல்ல" என்பார். வீட்டிலிருக்கும் குப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒரே அளவீட்டை நம்புவது

இரண்டு கண் அழுத்தத்தின் வித்தியாசம் 3 என்றால் வேறொரு நாள் மறுபடி அளக்கவும். 6 என்றால் அன்றே முழுப் பரிசோதனை.

இரண்டு கண்ணின் சராசரியை எழுதுவது

கூடாது.

விரித்த பின் லென்ஸைப் பார்க்காதது

அறுபது தாண்டியவருக்கு ஒரு கண்ணில் மட்டும் அழுத்தம் ஏறியிருந்தால் சூடோஎக்ஸ்ஃபோலியேஷனைத் தேடுங்கள். லென்ஸின் முன்பக்கத்தில், புத்தளம் உப்பளத்துப் பாத்தி ஓரம்போல வெள்ளைப் பொருக்கு வளையமாகப் படிந்திருக்கும். பியூப்பில் விரியாமல் அந்த வளையம் முழுதாகத் தெரியாது. சொட்டு விட வேண்டிய நேரம் இதுதான்.