பொண்ணு வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க, பையன்கிட்டயும்

நான் வயசுக்கு வந்தப்ப எங்கயோ அடிபட்டுடுச்சுன்னு நெனச்சு பாத்ரூம்லயே உக்காந்து அழுதேன், அப்புறம் தாய்மாமனுக்கு போன் போச்சு, ஓலை குடிசை, மஞ்சத்தண்ணி, உளுந்தங்களி, நல்லெண்ணெய்னு எல்லாம் நடந்துச்சு, ஆனா உடம்புல என்ன நடக்குதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல. ஸ்கூல்ல இனப்பெருக்கம் பாடத்த "வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிட்டாங்க. 2005ல மத்திய அரசு வளரிளம் பருவ கல்வின்னு கொண்டு வந்துச்சு, 2007ல மகாராஷ்டிரா, கர்நாடகா மாதிரி சில மாநிலங்கள் கலாச்சாரத்துக்கு ஒத்து வராதுன்னு நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல 2011ல புதுயுகம் திட்டம் வந்து நாப்கின் இலவசமா கெடைக்குது, ரொம்ப நல்ல விஷயம். ஆனா பேச வேண்டியது நாமதான்.

எப்ப ஆரம்பிக்கணும்? 8 வயசுலயே. மார்பு லேசா வளர ஆரம்பிச்சு சுமாரா ரெண்டு வருஷத்துல பீரியட்ஸ் வந்துடும், அதுக்குள்ள சொல்லிடணும். நான் என் பொண்ணுகிட்ட ஒரு நாப்கின பிரிச்சு, பழைய ஜட்டில ஒட்டி காமிச்சு, மேல கொஞ்சம் தண்ணி ஊத்துனேன், அவளே தொட்டு பாத்துட்டு "மேல ஈரமே இல்லம்மா"ன்னா, பயம் பாதி போயிடுச்சு. 4லருந்து 6 மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணும், ஸ்கூல் பேக்ல ஒரு பவுச்ல ரெண்டு நாப்கினும் ஒரு ஜட்டியும் எப்பவும் இருக்கட்டும். மொத ரெண்டு வருஷம் தேதி முன்னபின்ன வரும், பரவால்ல. ஆனா 8 வயசுக்கு முன்னாடியே மார்பு வளர ஆரம்பிச்சாலோ, 15 ஆகியும் பீரியட்ஸ் வரலன்னாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைஞ்சாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க.

பையன்கள விட்டுடாதீங்க ப்ளீஸ். குரல் உடையும், முடி வளரும், தூக்கத்துல விந்து வெளியேறும், இது இயற்கைதான்னு யாராவது சொல்லியிருந்தா, நரம்பு தளர்ச்சி ஆண்மை போச்சுன்னு பயமுறுத்தி காசு பறிக்கிறவங்ககிட்ட எத்தன பசங்க மாட்டாம இருந்திருப்பாங்க. அக்காவுக்கு பீரியட்ஸ்னா என்னன்னும் அவனுக்கு தெரியணும்.

உறுப்புகளுக்கு செல்லப்பேர் வேணாம், ஆண்குறி, பெண்குறின்னு சரியான பேரே சொல்லுங்க, யாராவது தப்பா தொட்டா புள்ளைக்கு சொல்ல வார்த்த இருக்கணும்ல. குழந்தைங்கள பாலியல் கொடுமைலருந்து பாதுகாக்குற 2012 போக்சோ சட்டம் 18 வயசுக்கு கீழ இருக்குற பையன் பொண்ணு ரெண்டு பேருக்கும் தான், குழந்தைங்களுக்கான உதவி எண் 1098ஐ அவங்களுக்கு மனப்பாடம் பண்ணி விடுங்க.

நேருக்கு நேர் கூச்சமா இருந்தா துணி மடிக்கும்போது பேசுங்க, இல்ல வண்டில பின்னாடி உக்காந்து வர்றப்ப. குழந்தை எப்படி வருதுன்னு கேட்டா திட்டாதீங்க, உனக்கு என்ன தெரியும்னு மொதல்ல கேளுங்க, பதில் தெரியலன்னா நாளைக்கு பாத்து சொல்றேன்னு சொல்லிட்டு மறுநாள் கண்டிப்பா சொல்லிடுங்க.